விளக்குப் படம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அந்த வருடமே வீட்டையும் விட்டேன். அதன்பிறகு சுவரில் விளம்பரம் எழுதுவது, லாரிக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்' எழுதுவது, கல்யாண மண்டப வாசலில் தெர்மோகோலில் பெயர் வெட்டி ஒட்டுவது என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருந்ததில்லை. சென்னைக்கு வந்தபோது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இடம் கிடைத்தது. அறையில் கட்டில்களுக்கு நடுவே பாய் விரிக்கிற அளவு இடம். வெயில் நாட்களில் மொட்டை மாடியில் படுப்போம். அதில் குறை ஒன்றுமில்லை, காற்று வரும்.

தி. நகரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் கேபிள் டிவிக்காரர்கள் சொந்தமாக ஒரு சானல் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வாசல் பலகை எழுதப் போனேன். எழுதி முடித்ததும் அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்தவர் கீழே இறங்கி வந்து பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதே மாதிரி பேப்பர்ல எழுதுவியா? கொட்ட கொட்டையா, தூரத்துலருந்து படிக்கிற மாதிரி?"

எழுதுவேன் என்றேன். அப்படித்தான் அந்த வேலை வந்தது.

செய்தி வாசிப்பவர் தலையைக் குனியாமல் படிப்பதற்காக ஒரு தச்சரிடம் சொல்லி மரச்சட்டம் ஒன்று செய்து வைத்திருந்தார்கள். மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. அன்றைய செய்திகளை நீளத் தாளில் பட்டையான பேனாவால் எழுதி, தாளை உருளையில் சுற்றி, கேமராவுக்குக் கீழே வைப்பேன். ஏழு மணிக்கு நான் தரையில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தால் செய்தி முடியும்வரை சுற்ற வேண்டும். வாசிப்பவர் வேகமாகப் போனால் வேகமாக, மூச்சு வாங்கினால் நிறுத்தி. அவர் நின்றால் நானும் நிற்க வேண்டும் என்பதுதான் வேலையின் ஒரே விதி.

அந்தச் சானல் மயிலாப்பூர், மந்தைவெளி, தி. நகர், அடையாறு பக்கம் மட்டும்தான் தெரியும். செய்தியும் அந்தப் பக்கத்துச் செய்திதான். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, எந்தக் கோயிலில் தேர், எங்கே மின்தடை. பதிவு செய்து வெட்டி ஒட்டுகிற வசதி எதுவும் கிடையாது. எல்லாமே நேரடி. வாசிப்பவர் தும்மினால் அத்தனை தெருவும் பார்க்கும்.

ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது என்று நினைக்கிறேன். டீக்கடையில் என்னைக் கண்டால் செய்தியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். "இன்னா நைனா, நேத்து உங்காளு முழி பிதுங்கிப் போச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒரு நாள் வங்கி வேலை முடிந்து வந்து செய்தி வாசிப்பவர் ஒருவர், மேஜைமேல் பூனை ஏறி நடந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், அது இன்னும் பெரிதாக வந்தது. அடுத்து நான் உருட்டிய வரி மரண அறிவிப்பு. அதையும் சிரித்துக்கொண்டே படித்தார். கண்ணில் தண்ணீர் வழிகிறது, நிறுத்த முடியவில்லை, பாவம். மறுநாள் காலை இறந்தவருடைய மகன்கள் மொட்டைத் தலையோடு வந்து வாசலில் நின்றார்கள். எதுவும் சத்தம் போடவில்லை. "எங்கப்பாவப் பாத்தா சிரிப்பா வருதா சார்?" என்று மட்டும் கேட்டார்கள். பொறுப்பாளர் அவர்கள் காலில் விழாத குறை.

அதற்கப்புறம் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. யாராவது நிதானம் தவறினால் உடனே முகத்தை விட்டு இரண்டாவது கேமராவுக்குப் போய்விட வேண்டும். மரண அறிவிப்பின்போது வாசிப்பவர் முகமே தெரியக்கூடாது, குரல் மட்டும்.

இரண்டாவது கேமரா பழசு. அது ஒரு பலகையைப் பார்த்தபடியே நிற்கும். அந்தப் பலகைக்காக என்னை ஒரு குத்துவிளக்கு வரையச் சொன்னார்கள். கறுப்பு அட்டையில் ஐந்து முகமும் எரிகிற மாதிரி வரைந்து கொடுத்தேன். நன்றாக வந்திருந்தது. அந்த அட்டையைப் பலகையிலேயே ஆணியடித்து வைத்தார்கள். இறந்தவருடைய புகைப்படத்தை அதற்கு முன்னால் செருகி முதலில் காட்டுவோம். புகைப்படத்தை உருவினால் பின்னால் விளக்கு இருக்கும். கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது பழகிவிட்டது. போட்டோவும் அதன்பின் விளக்கும் வந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். சத்தத்தைக் கேட்க வேண்டியதுகூட இல்லை.

'காணவில்லை' அறிவிப்புக்கும் அதே பலகைதான். ஆனால் அதற்குப் புகைப்படத்தைக் காட்டிவிட்டு, அதை உருவுவதற்கு முன்னாலேயே வாசிப்பவர் முகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். விளக்கு தெரியாது.

வாரத்தில் பாதி நாள் வாசித்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். பகலில் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மயிலாப்பூரில் அப்பா, அம்மா, தம்பியோடு வாடகை வீட்டில் இருந்தார். எங்கள் எல்லோரையும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை நடுவில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடி, மறுபடி வெளிச்சம் வந்தபோது, விட்ட வார்த்தையிலிருந்து அப்படியே தொடர்ந்தார். "இந்தம்மா மனுசியா மிஷினா?" என்று கேமராமேன் என் காதில் கேட்டான்.

ஒரு கோடையில் அவர் என்னைத் "தம்பி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "கொஞ்சம் மெதுவா உருட்டுங்க", "இந்த எழுத்து என்னங்க" என்று மரியாதையாகப் பேசினார். ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு நாள் மாலை, பின்புறம் தண்ணீர் டிரம் பக்கத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்தார்.

"நீங்க வீட்ட விட்டு வந்தவர்தானே?"

"ஆமா மேடம்."

"திரும்பிப் போகணும்னு தோணவே இல்லையா?"

"தோணும் மேடம். சாயங்காலம் ஆனா தோணும்."

"அப்புறம் ஏன் போகல?"

"போனா இன்னா நடக்கும்னு தெரியாதில்ல."

அவர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார். "தினமும் காணவில்லைல சட்டை கலர், பேண்ட் கலர் எழுதறீங்களே. அதப் பாத்து யாராச்சும் கண்டுபிடிப்பாங்களா?"

"மாட்டாங்க. ஓடிப்போறவன் மொத வேலையா சட்டையத்தான் மாத்துவான். நானும் மாத்துனேன். அது தேடுறவங்க ஆறுதலுக்கு எழுதுறது மேடம். நாங்க பாக்குறது வேற."

"என்ன பாப்பீங்க?"

"வீட்டுல கோவம் போயிடுச்சான்னு பாப்போம். வேற இன்னா?"

அப்போதுதான் சொன்னார். தம்பிக்கு இருபத்தொரு வயது. கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு வருடமாகப் போகவே இல்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. லஸ் பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் பார்க்க அவனை அறைந்து, "இன்னியோட உன்னத் தல முழுகிட்டேன். எனக்குப் புள்ளையே இல்ல, செத்துட்டான்" என்று கத்தியிருக்கிறார். பையன் வீட்டுக்கு வரவில்லை. முதல் வாரம் டிவியில் போட்டால் மானம் போய்விடும் என்று அப்பா தடுத்தார். இரண்டாவது வாரம் அவரே அலமாரியைக் குடைந்து புகைப்படத்தை எடுத்துக் கொடுத்து, "நீயே படி" என்றாராம்.

பொறுப்பாளருக்கு அதில் விருப்பமில்லை. "வேற ஆளப் படிக்கச் சொல்றேம்மா. உங்களுக்கு எதுக்கு?"

"என் மூஞ்சின்னா அவன் நின்னு பாப்பான் சார்."

"சரி. ஆனா யாரோ ஒருத்தன்னு நெனச்சுப் படிங்க. தம்பின்னு வெளிய தெரியக்கூடாது."

அந்தத் தாளை நான்தான் எழுதினேன். வழக்கமான வரிகள். மாநிறம், ஒல்லியான உடல், காணாமல் போனபோது பச்சைக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். மற்ற நாட்களைவிட எழுத்தைப் பெரிதாக எழுதினேன்.

அவர் நன்றாகத்தான் படித்தார். தண்ணீர் லாரி, மின்தடை எல்லாம் போயிற்று. காணவில்லை வந்தது. புகைப்படத்தைக் காட்டினார்கள். பெயர், வயது, சட்டை எல்லாம் அதே குரலில் சொன்னார். முகத்துக்குத் திரும்பினார்கள். அடுத்தது மரண அறிவிப்பு என்பதால் கேமராமேன் பலகையிலிருந்து பையனுடைய புகைப்படத்தை உருவினான். நான் கடைசி வரியை உருட்டினேன். "இவரைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள்" என்று சொல்லிவிட்டு நின்றார். நானும் கையை நிறுத்தினேன்.

அவர் கண் என் தாளை விட்டு மேலே ஏறியது. நேராகக் கேமராவைப் பார்த்தார்.

"டேய், நான்தான்டா. அப்பாவுக்குக் கோவம் இல்லடா. எல்லாம் போயிடுச்சு. நீ வந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டோம். எங்க இருந்தேன்னுகூட கேக்கமாட்டோம். வாடா."

அதற்குமேல் பேச்சு இல்லை. வாய் கோணிப்போயிற்று. சின்னப் பிள்ளை அழுவது போல, மூக்கு ஒழுக, கையை எடுத்து முகத்தை மூடக்கூடத் தோன்றாமல் அழுதார். "சார், கட் பண்ணு சார், கட் பண்ணு!" என்று கேமராமேன் அடிக்குரலில் கதறினான். பொறுப்பாளர் பொத்தானை அழுத்தினார். இரண்டாவது கேமரா வந்தது. பலகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சத்தத்தை நிறுத்த மறந்துவிட்டார்கள். விளக்குப் படத்துக்குப் பின்னால் அவர் அழுவது கொஞ்ச நேரம் எல்லார் வீட்டிலும் கேட்டது. அப்புறம் நாதஸ்வர கேசட்டைப் போட்டார்கள்.

மறுநாள் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் கிண்டல் செய்தார்கள். அதைவிட, வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். கையில் புகைப்படம், சிலரிடம் ரேஷன் கார்டு. வடபழனியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். எங்கள் சானல் அங்கே தெரியாது, யாரோ சொல்லிக் கேட்டு வந்திருந்தார். "எம்புள்ளைக்கும் அதே மாதிரி அழுவும்மா. நான் அழுதா அவன் பாக்கமாட்டான். நீ டிவில அழுதாத்தான் பாப்பான்" என்று செய்தி வாசிப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அடையாறில் ஒரு பையன் திரும்பி வந்துவிட்டான். அந்த அறிவிப்பு அவனைப் பற்றியதே இல்லை, ஆனாலும் அந்த அக்கா சொன்னதைக் கேட்டு வந்தேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் அம்மா அவனை இழுத்துக்கொண்டு வந்து எங்களுக்குக் காட்டினார். செய்தி வாசிப்பவர் அவன் தலையில் கைவைத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவருடைய தம்பி வரவில்லை.

அந்த வாரமே அவரை வாசிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். "இப்படியே விட்டா நாளைக்கி நீயும் அழுவே, நானும் அழுவேன். சானலுக்கு ஒப்பாரி டிவின்னு பேர் வைக்கணும்" என்றார் பொறுப்பாளர். அதைச் சொல்லும்போது அவருக்கும் குரல் சரியாக இல்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன்.

செய்தி வாசிப்பவருடைய அப்பா ஒரு முறை அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அன்னிக்குப் போட்டத இன்னொரு தடவ போடமுடியுமா? அன்னிக்கு அவன் பாக்காம இருந்திருந்தா?"

"பதிவே இல்ல சார். லைவ்தான்."

அவர் யோசித்தார். "அப்போ நான் வந்து சொல்லட்டுமா? எனக்குக் கோவம் இல்லன்னு என் வாயால சொல்றேன். ரெண்டே வார்த்த. அழமாட்டேன்."

பொறுப்பாளர் மேஜைமேல் இருந்த கேசட்டுகளை அடுக்கினார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் கூடவே போய்க் கைபிடித்து இறக்கிவிட்டேன். கடைசிப் படியில் நின்று, "அந்தப் பேப்பர உருட்டுறது நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவ நிறுத்துனதும் நீங்களும் நிறுத்திட்டீங்களாமே. சொன்னா. நல்லது" என்றார்.

மழைக்காலம் வந்ததும் நானும் கிளம்பிவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. எனக்கே ஓரிடத்தில் இருப்பு கொள்ளவில்லை. ஓசூர், பெங்களூர், நடுவில் கொஞ்ச நாள் மஞ்சள்காமாலையோடு ஒரு தர்ம ஆஸ்பத்திரி, மறுபடி லாரிப் பட்டறை. சில வருடங்கள் அப்படிப் போயின. திரும்பச் சென்னைக்கு வந்தபோது அந்தச் சானல் இல்லை. பெரிய சானல்கள் வந்துவிட்டன.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் காய்கறிக் கடைகள் வழியாக நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி! தம்பி, நில்லுங்க!"

திரும்பினால் அவர். முன்னந்தலை நரைத்திருந்தது. கையில் பையில் முருங்கைக்காய். தம்பி என்று கூப்பிட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வந்துட்டாரா மேடம்?"

"வந்துட்டான். தை மாசம் வந்தான்." அப்புறம், "அப்பா இல்ல. ஐப்பசில போயிட்டாரு. அந்தச் சேதிய யாரோ சொல்லிக் கேட்டுத்தான் பம்பாய்லருந்து வந்தான்" என்றார்.

கடைக்காரப் பெண்மணி நகரச் சொன்னாள். குளத்துக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றோம்.

"எங்கேயோ போயிட்டான்னு தேடினோமே. இங்கதான் இருந்திருக்கான் தம்பி. ரங்கநாதன் தெருவுல பாத்திரக் கடைல மூட்டை தூக்கிட்டு. தினமும் ஏழு மணிக்கு உஸ்மான் ரோட்டுல டிவிக் கடை வாசல்ல வந்து நிப்பானாம். நான் வாசிக்கிற நாள்ல என்னப் பாத்துட்டுத்தான் போவானாம்."

"அன்னிக்கும் பாத்தாரா?"

"பாத்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்த்தவன் ஏன் வரவில்லை?

"ஏசிக் கடை. கண்ணாடி போட்டு மூடியிருக்கும். வெளிய சத்தமே கேக்காது." அவர் பையைத் தரையில் வைத்தார். "அவன் போட்டோ வந்துச்சு. அப்புறம் நான் அழுதேன். அப்புறம் விளக்கு வந்துச்சு. அவ்ளோதான் பாத்திருக்கான்."

குளத்தில் தண்ணீர் பாதிதான் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தல முழுகிட்டேன்னு அப்பா சொன்னாரே, செஞ்சே காட்டிட்டாருன்னு நெனச்சானாம். உயிரோட இருக்குறவனுக்கு விளக்குப் படம் போட்டுட்டாங்க, இனிமே அந்த வீட்டுக்கு எதுக்குன்னு அன்னிக்கே ரயில் ஏறிட்டான். வந்த அன்னிக்கு என்னப் பாத்து மொத வார்த்த, 'அக்கா, நீ அழுதியே, அது பொய்யா'ன்னு கேட்டான்."

"அப்பாவப் பத்திச் சொன்னீங்களா மேடம்? ஆபீசுக்கு வந்து கேட்டது?"

"சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்."

கோயிலில் மணி அடித்தது. அவர் பையை எடுத்துக்கொண்டார்.

"வீட்டுல கோவம் போயிடுச்சான்னு பாப்போம்னு நீங்க சொன்னீங்கல்ல. அவன் பாத்திருக்கான் தம்பி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்திருக்கான்."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பிறகு நான் வீட்டுக்குப் போனேனா என்று கேட்டார். இல்லை என்றேன். "போங்க. யாராச்சும் சொல்லிக் கேக்காம நீங்களே போய்ப் பாருங்க" என்றார்.

போகிறேன் என்று சொன்னேன். அந்த விளக்கை வரைந்தது நான் என்று அவருக்குத் தெரியும். தாள் எழுதும் மேஜையில் வைத்து நான் அதற்குச் சுடர் தீட்டிக்கொண்டிருந்தபோது, "நிஜமாவே எரியற மாதிரி இருக்கே தம்பி" என்று சொன்னவரே அவர்தான். குளத்தோரத்தில் அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தெற்கு மாடவீதி திரும்பும்வரை அவருடைய முருங்கைக்காய்ப் பை தெரிந்தது.